இடது புற வீட்டின் சம்மதம்

விக்டர் தன் மகளோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்ததற்குக் காரணம் பெற்ற பாசம் என்று அவர் மனைவி கரோல் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்பாதீர்கள். ஒரு விண்ணப்பப் படிவம்தான் காரணம்.

சாந்தோமில் கடலைப் பார்த்து இறங்கும் சந்துகளில் ஒன்றில் அவர்கள் வீடு. விக்டர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வேர்த்துக் கொட்டும். எழுதச் சொன்னால் ஆளே வேறு. "பொருள்" என்று ஆரம்பித்து "தங்கள் உண்மையுள்ள" என்று முடிப்பதற்குள் படிக்கிற அதிகாரிக்கு மனம் இளகிவிடும். சந்தில் யாருக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், யாருக்குக் குடும்ப அட்டையிலிருந்து நாத்தனார் பெயரை எடுக்க வேண்டும், எல்லோரும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். கரோலைப் பெண் கேட்டபோதுகூட அவர் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய அப்பாவுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, ஞானஸ்நானச் சான்றிதழின் நகலை இணைத்துத் தபாலில் அனுப்பிய மனிதர்.

ஒரே மகள் ஜொவிட்டாவுக்கு வயது இருபத்தொன்பது. பி.காம். முடித்துவிட்டு தி. நகரில் ஒரு டிசைன் கம்பெனியில் வேலை பார்ப்பதாகத்தான் ஏழு வருஷமாக வீட்டில் பேச்சு. டிசைன் என்பதும் உண்மை, கம்பெனி என்பதும் உண்மை. அந்த டிசைனைக் காகிதத்தில் போடுவதில்லை, ஆட்களின் தோளிலும் முதுகிலும் ஊசியால் போடுகிறார்கள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. கரோலுக்குத் தெரியும். சந்தில் பாதிப் பேருக்குத் தெரியும். வீட்டுத் தலைவருக்குத்தான் கடைசியில் தெரிந்தது. ஜூன் மாதம் ஒரு நாள் அவள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"நம்ம முன் ரூம்ல நானே டாட்டூ ஸ்டூடியோ வெக்கப் போறேன் டாடி. ஏழு வருஷமா நான் போட்டதையெல்லாம் ஓனரு தன் பேர்ல போட்டோ போட்டுக்கினாரு. போதும். இனிமே போர்டுல என் பேருதான்."

"பச்ச குத்தறதுக்காமா பி.காம். படிச்ச?" என்றார் விக்டர். அதோடு வாயை மூடினார். ஜூன் போய் ஜூலை போய் ஆகஸ்டும் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "அவளுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று கரோலிடம் சொல்வார். கரோலும் யாரையும் கேட்காமல், "வேணுமாம்" என்று ஊற்றிவிடுவாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, மூக்குக்கண்ணாடியைத் தேடி வந்தவர் அந்த மேசைமேல் ஒரு காகிதத்தைப் பார்த்தார். மாநகராட்சித் தொழில் உரிமத்துக்காக ஜொவிட்டா இணையத்தில் நிரப்பி அச்செடுத்து வைத்திருந்த படிவம். அவர் பார்க்காமல் போயிருக்கலாம். மீனைப் பார்க்காமல் போகிற பூனை உண்டா? எடுத்துப் படித்தார். "தொழிலின் தன்மை" என்ற இடத்தில் "டாட்டூ முதலியன" என்று இருந்தது. உரிமையாளர் பெயர் வர வேண்டிய கட்டத்தில் கதவு எண் இருந்தது. இணைப்புகளுக்கு எண் இல்லை, பட்டியல் இல்லை, நகல்களில் கையொப்பம் இல்லை. விக்டருக்குக் காது மடல் சுட்டது.

"இன்னாமா இது? முதலியனன்னா இன்னா? நாளைக்கு இங்க நாட்டு வெடி செஞ்சாக்கூட அதுவும் முதலியனவா?"

ஜொவிட்டா வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். "டாடி! என்கூடப் பேசறீங்களா?"

"உன்கூட இல்ல. இந்த ஃபார்ம்கூடப் பேசிக்கினு இருக்கேன். போய் வாயக் கொப்புளிச்சிட்டுப் பேனா எடுத்துனு வா."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அப்புறம் விடவில்லை. நாடா வைத்த கோப்பு ஒன்று வந்தது. அதன் மேலட்டையில் அவருடைய அச்சு மாதிரியான கையெழுத்தில் தலைப்பு ஏறியது. மண்டல அலுவலகத்துக்கு மூன்று முறை போய் வந்தார். அங்கே இருந்த தொழில் பட்டியலில் டாட்டூ என்ற பேச்சே இல்லை. இவரும் அங்கிருந்த இளம் எழுத்தரும் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்து, நடுவில் ஒரு டீயும் குடித்து, அழகு நிலையத்துக்குக் கீழே ஓர் உட்பிரிவாகச் சேர்த்துக் கேட்பதென்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த எழுத்தர் கோப்பின் அருமை தெரிந்த பிள்ளையாம், நல்லா இருக்கணுமாம்.

முன் அறைக்கு ஆளுயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். கை கழுவத் தொட்டி வந்தது, கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் பெட்டி வந்தது, பயன்படுத்திய ஊசிகளைப் போட மூடி போட்ட டப்பா வந்தது. சோபாவைக் கூடத்துக்கு நகர்த்தினார்கள். முன் அறையில் இருந்த அந்தப் பெரிய சாப்பாட்டு மேசை சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் கரோலின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில், நிமிர்த்தினால் நாற்காலியாகவும் சாய்த்தால் கட்டிலாகவும் ஆகிற ஒரு கறுப்பு டாட்டூ பெட் வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் ரசீது, எல்லாவற்றுக்கும் புகைப்படம், எல்லாவற்றுக்கும் இணைப்பு எண். டாட்டூவை மட்டும் விக்டர் ஒப்புக்கொண்டாரா என்றால், இல்லை. "தொழில் தப்புதான். அதுக்காவ ஃபைல் தப்பா இருக்கலாமா?" என்பார்.

செப்டம்பர் கடைசியில் சுகாதார ஆய்வாளர் ஜவஹர் வந்து பார்த்தார். நாற்பது வயது, அமைதியான மனிதர். தொட்டியைத் திறந்து பார்த்தார், டப்பாவை ஆட்டிப் பார்த்தார், கோப்பைப் புரட்டியபோது சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த மாதிரி ஃபைல் நான் பாத்ததே இல்ல சார். ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதக் கடிதம் மட்டும் பாக்கி. அக்டோபர் பதினெட்டுக்குள்ள வாங்கி வைங்க, நானே வந்து பாத்து முடிச்சு அனுப்பிடறேன். இல்லேன்னா அண்டை வீட்டார் ஆட்சேபம்னு எழுதித் திருப்பிடுவாங்க. அப்புறம் முதல்லேருந்து வரணும்."

அவர் வாசல் தாண்டியதும் ஜொவிட்டா தன் கைப்பேசியைக் காட்டினாள். "டாடி, பெங்களூருல ஒரு பெரிய ஸ்டூடியோல என்னக் கூப்பிடறாங்க. நவம்பர் ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணணுமாம். இருபதாந்தேதிக்குள்ள பதில் சொல்லணும். லைசென்ஸ் கெடச்சா இங்க. கெடைக்கலேன்னா போயிடுவேன். மறுபடி முதல்லேர்ந்து என்னால சுத்த முடியாது."

"சரி" என்றார் விக்டர். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மூன்று மாதம் மகளோடு பேசாமல் இருந்தவர்தான். ஆனால் பேசாமல் இருப்பதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டுமே. காலையில் குளியலறைக் கதவை இடித்துச் சண்டை போட ஆளில்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். சம்மதக் கடிதத்துக்கான படிவங்களை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

வலது பக்கத்து வீடு முருகனுடையது. தென்காசிப் பக்கத்துக்காரர், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். படிவத்தை அவர் படிக்கக்கூட இல்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ள கடை தொறக்கப் போவுது, நான் மாட்டேன்னா சொல்லுவேன் அண்ணாச்சி? எங்க அம்மைக்கு ரெண்டு கையிலயும் பச்சதான? கொண்டாங்க" என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டார். முதல் போணிக்குத் தன் கடை ஆட்களை அனுப்புவதாகவும் சொன்னார்.

இடது பக்கத்து வீடு ஐரின் டீச்சருடையது. இங்கேதான் கதை சிக்கிக்கொண்டது.

விக்டர் எழுத்தராக இருந்த அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர் அவர். சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு அவர் வகுப்பு வாசலில் விக்டர் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் இரண்டு வருஷம் தேறும். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆன பிறகும், தெருமுனையில் டீச்சரின் குடை தெரிந்தால் விக்டர் மடித்துக் கட்டிய லுங்கி தானாகக் கீழே இறங்கும். போதாததற்கு அவர் அன்பியத் தலைவி. பங்குக் கோயிலைச் சேர்ந்த முப்பது நாற்பது குடும்பங்களைச் சேர்த்து ஒரு செபக் குழு, அதற்கு அன்பியம் என்று பெயர். யார் வாசகம் படிப்பது, யார் பாட்டு எடுப்பது, யார் வீட்டில் காபி, யார் வீட்டில் சுண்டல், எல்லாம் டீச்சர் வைத்ததுதான் சட்டம்.

படிவத்தை நீட்டியதும் டீச்சர் கையை நீட்டவில்லை. "வேதத்திலயே விலக்கின விஷயம் விக்டர். இதுக்கு நான் கையெழுத்துப் போடுவேனா?"

விக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினார். "பொருள்: உடலில் படம் வரைதல் குறித்த விளக்கம். பார்வை: தங்களது வாய்மொழி ஆட்சேபம்." பங்குத் தந்தையைப் பார்த்து, அந்தப் பெண் மனச்சாட்சிப்படி உழைத்துச் சாப்பிடட்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கி, அதை இணைப்பு ஒன்றாகச் சேர்த்தார். டீச்சர் படித்துவிட்டு, "ஃபாதர் சின்னப் பையன்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பதில் இப்போது வேறு ஆட்சேபம்: வருகிறவர்கள் பைக்கை அவர் கேட்டுக்கு முன்னால் நிறுத்துவார்களாம். விக்டர் டேப்பை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் சந்தை அளந்தார். தன் வாசலிலேயே இரண்டு பைக் நிற்கும் என்று படம் போட்டு, அளவு குறித்து, சாட்சிக்கு முருகனின் கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தார். அந்த முருகன் கையெழுத்தைப் பார்த்ததும் டீச்சரின் முகம் இன்னும் இறுகியது. மெஷின் சத்தத்தில் தனக்கு மண்டை வலிக்கும் என்றார். விக்டர் அசரவில்லை. டாட்டூ மெஷினையே தூக்கிக்கொண்டு போய் டீச்சர் வீட்டு பிளக்கில் செருகி ஓட விட்டார்.

"பாத்தீங்களா டீச்சர், உங்க மிக்ஸிய விடக் கம்மிதான்."

"என் மிக்ஸியப் பத்தி உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" கதவு சாத்திக்கொண்டது.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும், சந்துக்கே தெரியும். முதலில் முருகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஐரின் டீச்சரைக் கேட்காமல் அந்தச் சந்தில் முருங்கை மரம்கூடக் கிளை விட்டதில்லை. அவரைக் கேட்காமல் ஒரு கடை வரப் போகிறதா? இந்த ஆட்சேபத்துக்கு எந்த இணைப்பை வைத்துப் பதில் எழுதுவது? விக்டருக்குப் புரியவில்லை. தேதி மட்டும் பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று போய்க்கொண்டிருந்தது. ஜொவிட்டா தன் துணிப்பெட்டியைத் தூசி தட்டி வெயிலில் வைத்தாள்.

அக்டோபர், செபமாலை மாதம். மாதாவின் சிலையான சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகும். மாலையில் அன்பியத்துக்காரர்கள் அங்கே கூடிச் செபமாலை சொல்வார்கள். மறுநாள் அடுத்த வீடு. பதினேழாம் தேதி விக்டர் வீடு, பதினெட்டு ஐரின் டீச்சர் வீடு. அட்டவணை போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதினேழாம் தேதி மத்தியானம்தான் கரோலுக்கு உறைத்தது, மாதாவை வைக்க மேசை இல்லை என்று. இத்தனை வருஷமாக மாதா அமர்ந்த மேசை சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறது. ஸ்டூலில் வைத்தால் மரியாதை இல்லை. கடைசியில், முன் அறையில் அந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கரோல் டாட்டூ பெட்டைச் சமமாகச் சாய்த்து, பெடலை மிதித்து உயர்த்தி, மேலே தன் கலியாணப் பட்டுச் சேலையைப் போர்த்தி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். விக்டர் சிலுவை போட்டுக்கொண்டார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

ஆறரை மணிக்குப் பாட்டோடு சுரூபம் வந்தது. டீச்சர் முதல் ஆளாக நுழைந்தார். "மேசை புதுசா இருக்கே?"

"ஆமா டீச்சர். ஏத்தி எறக்கலாம்" என்றாள் கரோல். அவள் பொய் சொல்லவில்லை.

முப்பது பேர் அறையிலும் கூடத்திலும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஐந்து சுற்றாகச் சொல்லும் செபமாலையில் இரண்டாவது மறைபொருள் ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. தோளில் பையோடு ஜவஹர். நாளை முழுவதும் கொசு ஒழிப்புக் கூட்டமாம், அதனால் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். விக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உக்காருங்க சார், அஞ்சு நிமிஷம்" என்று வாயசைத்தார். ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியமா அது? யாரோ ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள். புதிதாக வந்தவர் வெறுங்கையோடு இருப்பதைப் பார்த்த இன்னொருவர் அவர் கையில் ஒரு செபமாலையைத் திணித்தார். ஜவஹர் நல்ல மனிதர். மூன்றாவது மறைபொருளுக்குள் எங்கே பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

செபமாலை முடிந்து மன்றாட்டுகள் வந்தன. ஒவ்வொருவராக ஒரு வேண்டுதலைச் சொல்லி, "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிப்பார்கள். உடனே எல்லோரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். பரீட்சை எழுதுகிற பேரனுக்காக ஒருவர், மூட்டு வலிக்காக ஒருவர். பிறகு ஐரின் டீச்சர் கண்ணை மூடினார்.

"கண்ணிருந்தும் காணாமல் தவறான தொழிலில் இறங்கத் துடிக்கும் இந்த இல்லத்தின் மகளுக்கு நல்ல புத்தியையும், அவரைக் கண்டிக்கும் துணிவைப் பெற்றோருக்கும் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றன முப்பது வாய்களும். கரோலும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் பெற்ற மகளுக்கு எதிராக வேண்டிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. "மன்றாடுகிறோம்" என்று காதில் விழுந்தால் வாய் பதில் சொல்லிவிடும், மூளையைக் கேட்பதில்லை. மழலைப் பருவத்திலிருந்து வருகிற பழக்கம். ஜவஹருக்கு அரை மணி நேரப் பழக்கம், அவரும் சொல்லிவிட்டார்.

ஜொவிட்டா சமையலறை வாசலில் தட்டுகளோடு நின்றிருந்தாள். தட்டுகளைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனாள். விக்டர் அதைப் பார்த்தார். டீச்சர் விஷயத்தில் அவருக்குப் பயம் வந்திருக்கிறது, மரியாதை வந்திருக்கிறது. கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுத் தலைவரின் மன்றாட்டு கடைசியில் வரும். விக்டர் இருபது வருஷமாக ஒரே மன்றாட்டைத்தான் சொல்லிவருகிறார்: உலக சமாதானம். அதற்கு இதுவரை யாரும் ஆட்சேபம் தெரிவித்ததில்லை. அவர் தொண்டையைச் செருமியதும், பின்வரிசையில் இரண்டு பேர் சுண்டலை நினைத்துக் காலை நீட்டினார்கள்.

"உலக சமாதானத்திற்காக..." என்றார் விக்டர். நின்றார். மறுபடி செருமினார். பிறகு வந்தது பாருங்கள்.

"...உலக சமாதானத்திற்காக ஏற்கனவே பலமுறை விண்ணப்பித்துள்ளபடியால், இன்று வேறு பொருள் குறித்து வேண்டுகிறோம். இந்த முகவரியில் குடியிருக்கும் எங்கள் ஒரே மகள் ஜொவிட்டா, தன் உழைப்பால் வாழ விரும்பி, தொழில் உரிமம் கோரி விண்ணப்பித்துள்ளார். அனைத்து இணைப்புகளும் சமர்ப்பிக்கப்பட்டுள்ளன. இடது புற வீட்டு உரிமையாளர் திருமதி ஐரின் அவர்களின் சம்மதம் மட்டும் நிலுவையில் உள்ளது. அது கிடைக்காவிட்டால் எங்கள் மகள் ஊரை விட்டுப் போய்விடுவார். எனவே திருமதி ஐரின் அவர்கள் மனமிரங்கி, நாளைய தேதிக்குள் படிவத்தில் கையொப்பமிட அருள்புரிய வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்!"

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

முப்பது குரலும் ஒரே மூச்சில். அதில் எல்லாக் குரலுக்கும் மேலே, இருபத்தெட்டு வருஷம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துப் பதப்பட்ட ஒரு குரல், கண்ணை மூடியபடி, கணீரென்று. ஐரின் டீச்சர்.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.   தான் இவ்வளவு நீளமாகப் பேசியது விக்டருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

முதலில் பேசியவர் ஜவஹர். மாதா முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற மரியாதையோடு, தாழ்ந்த குரலில் கேட்டார். "சார், அந்த இடது பக்கத்து வீட்டம்மா இவங்கதானே?"

"ஆமா சார்."

"எல்லாரையும் விட இவங்கதான் சத்தமா கேட்டாங்க. அப்புறம் என்ன ஆட்சேபம்?"

"அது செபம்" என்றார் டீச்சர். முகம் சிவந்திருந்தது. "ஏதோ பழக்கத்துல வாயில வந்திடுச்சு."

கரோல் கையிலிருந்த செபமாலையைக் கீழே வைத்தாள். "அப்போ இத்தன வருஷமா நாம கேட்டதெல்லாம் பழக்கத்துலதானா டீச்சர்?"

கணக்கு டீச்சர் இல்லையா? விடை எங்கே போய் முடிகிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆமாம் என்றால் இத்தனை வருஷச் செபமும் கணக்கில் வராது. இல்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டும். மாதாவைப் பார்த்தார். முப்பது முகங்களைப் பார்த்தார். ஒருத்தராவது வேறு பக்கம் பார்க்க வேண்டுமே, இல்லை.

"பேனா இருக்கா விக்டர்?"

விக்டரின் சட்டைப் பையில் மூன்று இருந்தன. கோப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை, டீச்சர் மடியில் அது விரிந்திருந்தது. டீச்சர் சம்மதக் கடிதத்தின் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு, பேனாவைக் காகிதத்தில் வைக்கும் முன், மெதுவாகச் சொன்னார். "முதல்ல என்கிட்ட வந்திருக்கலாமே விக்டர்."

"பயமா இருந்துச்சு டீச்சர்."

டீச்சர் கோப்பை மடியில் நேராக வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். கோப்பை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "நாளைக்கு மாதா எங்க வீட்டுக்கு வர்றாங்க. கடைசி மன்றாட்டு நான்தான் சொல்லுவேன். ஒழுங்கா வந்து சேருங்க."

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அது தொற்றிக்கொண்டு அறை முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர் ஜவஹர் ஒருவர்தான். அவருக்கு வேலை பாக்கி இருந்தது. "சார், முடிக்கிறதுக்கு முன்னாடி அந்த டாட்டூ பெட்ட மட்டும் இன்னொரு தடவ பாக்கணும். எங்க வெச்சிருக்கீங்க?"

 கரோலின் பார்வை போன திசையைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். செருப்பை முன்பே கழற்றியிருந்தார். குனிந்து பட்டுச் சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், இறக்கினார், கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோப்பில் "சரி" என்று எழுதினார்.

"ஏத்தி எறக்கலாம்னது இதத்தானா?" என்றார் ஐரின் டீச்சர், நெஞ்சில் கை வைத்து.

"சுண்டல் எடுத்துக்குங்க டீச்சர்" என்றாள் கரோல்.

ஏழே முக்காலுக்கு எல்லோரும் போய்விட்டார்கள். விக்டர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஜொவிட்டா வந்து எதிரே நின்றாள். அழுது முகம் கழுவியிருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சமையல் ரூம்லேர்ந்து எல்லாத்தயும் கேட்டுக்கினுதான் இருந்தேன். லைசென்ஸ் மேல அவ்ளோ ஆசையா டாடி?"

"லைசென்ஸ் கெடக்குது" என்றார் விக்டர், நாற்காலியைப் பார்த்தபடி. "நீ பெங்களூரு போவக் கூடாதுன்னு கேக்கணும். அத எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெர்ல. அதுக்கு ஃபார்ம் கெடையாதும்மா. இதுக்கு இருந்துச்சு. அதான் இத ரொப்பினேன்."

ஜொவிட்டா சிரிப்பை நிறுத்தினாள். "ரெண்டு மாசம் வெயில்ல அலைஞ்சதுக்கு, வாயத் தொறந்து என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் டாடி. லைசென்ஸ் வராட்டியும் இருந்திருப்பேன்."

விக்டர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். டைல்ஸ் ஒட்டியதையும், சந்தை அளந்ததையும், மிக்ஸியையும் நினைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. மகளை நேராகப் பார்த்தார்.

"இப்பக் கேட்டா செல்லுமா?"

"கேளுங்க பாப்போம்."

"போவாதம்மா" என்றார் விக்டர்.